தலை வெடிக்காத வேதாளம்

நேற்று ராத்திரி நீங்கள் தோசையோ சப்பாத்தியோ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உங்கள் வீட்டு டி.வி.யில் எத்தனை பேர் செத்தார்கள்? ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. படத்தில் ஹீரோ அடித்து நொறுக்கிய அடியாட்கள், செய்தியில் லாரி மோதிப் போனவர்கள், சீரியலில் பாலில் விஷம் கலந்து கொடுக்கப்பட்ட மருமகள்... எல்லாரையும் பார்த்துவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிட்டு, கை கழுவி எழுந்திருப்பீர்கள். குற்றம் சொல்லவில்லை. நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால், ஒரே ஒரு சாவைப் பார்த்துவிட்டு லட்சக்கணக்கான பேர் 'போதும்டா சாமி' என்று ரிமோட்டை வைத்துவிட்டுப் போன கதை ஒன்று உண்டு. அதைத்தான் இந்த வாரம் பேசப்போகிறேன். கொஞ்சம் ரத்தம் தெறிக்கும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் முடித்துவிட்டு வரவும்.

2016, அக்டோபர் 23. அமெரிக்காவின் ஏ.எம்.சி. சேனலில் 'தி வாக்கிங் டெட்' சீரியலின் ஏழாவது சீசன், முதல் எபிசோட். தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் கதை: ஊரில் செத்தவர்கள் எல்லாம் எழுந்து நடக்கிறார்கள், கடிக்கிறார்கள், கடிபட்டவன் செத்து அவனும் எழுந்து நடக்கிறான். மிச்சமிருக்கிற மனுஷர்கள் ஓடுகிறார்கள். அவ்வளவுதான். ராபர்ட் கிர்க்மேன் 2003-ல் ஆரம்பித்த காமிக்ஸ். 2010 அக்டோபர் 31-ல் டி.வி.க்கு வந்து, 2022 நவம்பர் வரை 11 சீசன், 177 எபிசோட் ஓடியது. நம்ம ஊர் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. 'கோலங்கள்' 1,500 எபிசோடைத் தாண்டியது. ஆனால், அவர்கள் ஊரில் இது பெரிய ஓட்டம்.

அந்த எபிசோடில் நீகன் என்கிற வில்லன், முள்கம்பி சுற்றிய பேஸ்பால் மட்டையால் க்ளென் என்கிற பையனின் தலையை அடித்து உடைக்கிறான். ஒரே அடியில் இல்லை. முதல் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில், பிதுங்கிய கண்ணோடு அந்தப் பையன் தன் கர்ப்பிணி மனைவியைப் பார்த்து ஏதோ பேச முயற்சி செய்கிறான். கேமரா முகத்தை விட்டு நகரவே இல்லை. அதற்கு முன்னால் ஆபிரகாம் என்று இன்னொருவரையும் அதே மட்டை முடித்திருந்தது.

அன்று பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 70 லட்சம் பேர். அடுத்த வாரம் சுமார் 1 கோடியே 25 லட்சம். ஒரே வாரத்தில் 45 லட்சம் பேர் எழுந்து போய்விட்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பழைய உயரத்துக்கு அது வரவே இல்லை. 2022-ல் கடைசி எபிசோடை ஒளிபரப்பான அன்றே உட்கார்ந்து பார்த்தவர்கள் 23 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு.

'ஆஹா, வன்முறை எல்லை மீறியது, மக்கள் பொங்கிவிட்டார்கள்' என்று பத்திரிகைகள் எழுதின. அமெரிக்காவின் பெற்றோர் தொலைக்காட்சிக் கவுன்சில் கண்டனம் தெரிவித்தது. 2017 ஜனவரியில், தயாரிப்பாளர்களில் ஒருவரான கேல் ஆன் ஹர்ட், ரசிகர்கள் சொன்னதைக் கேட்டு மிச்ச எபிசோடுகளில் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம் என்றார். கேஸ் முடிந்தது. தீர்ப்பு: ரத்தம் அதிகம்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் சம்மதம் இல்லை.

விருத்தாசலத்தில் ஒரு நண்பர் பீங்கான் பொம்மை செய்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறார். அந்த ஊரைத் தெரியும்தானே? செராமிக் ஊர். உங்கள் பழைய வீட்டு மெயின் போர்டில் இருந்த வெள்ளை பியூஸ் கேரியர், கொலுவில் உட்கார்ந்திருக்கிற பீங்கான் செட்டியார், கார்த்திகைக்கு வாங்கிய பளபள அகல்... இதில் ஏதாவது ஒன்று அந்த ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசாங்கக் கல்லூரியே அங்கே இருக்கிறது. சமீபத்தில் போயிருந்தபோது நண்பர் போனில் யாரிடமோ பில் தகராறில் இருந்தார். நான் பட்டறைக்குள் நுழைந்தேன். குழம்பு மாதிரி கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். அச்சோடு ஒட்டிய தோல் மட்டும் நிற்கும். உள்ளே பொள்ளல். அதுதான் பொம்மை. அந்தப் பத்து நிமிஷக் காத்திருப்பில் ஒரு தம்பி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால்... ஜாம்பி!

"இங்கிலீஷ் புரியுதா தம்பி?" என்றேன்.

"கடிக்கிறதுக்கு என்ன சார் இங்கிலீஷு?" என்றார்.

நியாயமான பதில். பேச்சு க்ளென் பக்கம் போனது. "அந்த மட்டை சீன் பாத்தீங்களா? கஷ்டமா இல்ல?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கொன்னது பரவால்ல சார். அதுக்கு முந்தி ஏமாத்துனானுங்க பாருங்க, அதான் ஆவல. அந்தப் பையன் பீட்ஸா டெலிவரி பண்ணிக்கிட்டு இருந்தவன் சார். நம்மள மாதிரி. அவன வெச்சி ரெண்டு தபா வெளாடிட்டானுங்க."

ரெண்டு தபா! தம்பி சரியாகக் கணக்கு வைத்திருந்தார். நான் பி.காம். படித்தவன். கணக்கு என்றால் கொஞ்சம் நின்று பார்ப்பேன்.

முதல் தபா, 2015 அக்டோபர் 25. ஆறாவது சீசன். க்ளென் ஒரு குப்பைத் தொட்டி மேலிருந்து ஜாம்பிக் கூட்டத்துக்குள் விழுகிறான். குடலை உருவித் தின்கிறார்கள், இவன் அலறுகிறான். போய்விட்டான் என்று பார்த்தவர்கள் அழுதார்கள். டைட்டிலில் அந்த நடிகர் ஸ்டீவன் யூன் பெயரையே எடுத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு மாசம் கழித்து, நவம்பர் 22-ம் தேதி, 'அவன் சாகலை. அவன் மேல இன்னொருத்தன் பொணம் கிடந்தது, தின்னது அதை. இவன் நகர்ந்து தொட்டிக்கு அடியில பூந்துட்டான்' என்றார்கள். அழுத கண்ணீரைத் திருப்பிக் கொடுப்பார்களா? மாட்டார்கள்.

இரண்டாவது தபா, 2016 ஏப்ரல் 3. சீசனின் கடைசி எபிசோட். நீகன் எல்லாரையும் முட்டி போடவைத்து, சின்னப் பிள்ளைகள் மாதிரி இங்கி பிங்கி போட்டு ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கிறான். மட்டை இறங்குகிறது. யார் மேல்? காட்டவில்லை. அடிபடுகிறவரின் கண் வழியாகக் கேமரா. திரையில் ரத்தம் வழிகிறது. தொடரும்! பதில் எப்போது? ஆறரை மாசம் கழித்து, அக்டோபரில். அந்த ஆறரை மாசமும் உலகம் முழுக்க 'செத்தது யார்?' என்று பந்தயம். ஒரு சாவை லாட்டரிச் சீட்டு மாதிரி விற்றார்கள் என்றுதான் சொல்வேன். அக்டோபரில் எபிசோட் ஆரம்பித்த பிறகும் உடனே சொல்லவில்லை. ஹீரோ ரிக்கை ஒரு வண்டியில் ஏற்றி, பனிமூட்டத்தில் சுற்றவிட்டு, நினைவு வந்து நினைவு வந்து போய்... அப்புறம்தான் மட்டை. காமிக்ஸ் படித்தவர்களுக்கு 2012 ஜூலையில் வந்த நூறாவது இதழிலேயே க்ளென் சாவு தெரியும் என்பது வேறு விஷயம்.

விருத்தாசலத்துக்கும் இந்த மாதிரி விளையாட்டுக்கும் ஒரு பழைய சம்பந்தம் இருக்கிறது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை. திருமுதுகுன்றம், அதாவது இந்த விருத்தாசலத்தில், சுந்தரருக்குச் சிவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுக்கிறார். அதைத் தூக்கிக்கொண்டு எப்படித் திருவாரூர் போவது? 'மணிமுத்தாற்றில் போடு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்' என்று ஏற்பாடு. போட்டார். எடுத்தார். எடுத்தபோது சும்மா எடுக்கவில்லை, பொன்னின் மாற்றுக் குறைகிறதே என்று உரசிப் பார்த்தார். அதற்குச் சாட்சியாக அங்கே மாற்றுரைத்த பிள்ளையார் என்று ஒருவர் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறார்.

தொடர்கதை என்பதே இதுதான் சார். நம் நேரத்தையும் பாசத்தையும் ஓர் இடத்தில் போடுகிறோம், வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில். எடுக்கும்போது மாற்றுக் குறைந்தால் கோபம் வருமா, வராதா? அந்த 45 லட்சம் பேர் செய்தது அதைத்தான். உரசிப் பார்த்தார்கள். பித்தளை.

'அதெல்லாம் சும்மா, ரத்தம் பார்த்துதான் பயந்தார்கள்' என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் சோஃபியாவைச் சொல்கிறேன். அதே சீரியல், இரண்டாவது சீசன், 2011. சோஃபியா என்ற சின்னப் பெண் காட்டில் தொலைந்துபோகிறாள். ஏழு எபிசோட் தேடுகிறார்கள். தேடித் தேடி நமக்கே அலுத்துப்போகிறது. அவர்கள் தங்கியிருக்கிற பண்ணையின் களஞ்சியத்தில், பண்ணைக்காரர் ஹெர்ஷல், ஜாம்பிகளை 'இவங்கல்லாம் நோயாளிங்க' என்று பூட்டிவைத்திருக்கிறார். அவர் மனைவியும் உள்ளே. ஒரு நாள் கதவை உடைத்து, வெளியே வருகிற ஒவ்வொன்றையும் சுடுகிறார்கள். எல்லாம் விழுந்த பிறகு கடைசியாகத் தட்டுத்தடுமாறி ஒன்று வருகிறது. சோஃபியா! இத்தனை நாள் காடெல்லாம் தேடிய குழந்தை, தூங்கின இடத்துக்குப் பக்கத்திலேயே. ரிக் முன்னால் வந்து துப்பாக்கியைத் தூக்குகிறான். ஒரே ஒரு குண்டு. ரத்தம் என்று பார்த்தால் அந்தச் சீரியல் கணக்கில் ஒரு ஸ்பூன்.

ஒரு குழந்தையைச் சுட்டிருக்கிறான்! க்ளென் சாவைவிடக் கொடூரம். ஆனால், யாரும் ரிமோட்டை வைத்துவிட்டுப் போகவில்லை. அடுத்தடுத்த சீசன்களில் கூட்டம் ஏறிக்கொண்டேதான் போனது. ஏனென்றால், ஏழு எபிசோட் அலுப்புக்கும் அங்கே பதில் இருந்தது. ஹெர்ஷலின் நம்பிக்கை தப்பு என்று தெரிந்தது. 'தேடுவோம்' என்று பிடிவாதம் பிடித்த ரிக்கே சுட வேண்டியிருந்தது. செத்ததால் கதை நகர்ந்தது. முதல் எபிசோடிலும் ஓர் இடம் உண்டு. பாதி உடம்போடு புல்லில் ஊர்கிற ஒரு பெண் ஜாம்பியிடம் ரிக் திரும்பிப் போய், குனிந்து மன்னிப்பு மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுடுவான். ஜாம்பிக்கும் ஒரு பேர் இருந்திருக்கும் என்று நினைத்த சீரியல் அது. ஆறு வருஷத்தில் ஹீரோவின் நண்பனையே லாட்டரிச் சீட்டாக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது.

ரத்தத்தைப் பற்றி நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மாசி அமாவாசைக்கு மேல்மலையனூரிலோ, இந்த விழுப்புரம், கடலூர் பக்கத்துக் கிராமங்களிலோ மயானக் கொள்ளை பார்த்திருக்கிறீர்களா? காளி வேஷம் கட்டியவர் சுடுகாட்டுக்கே போய் ஆடுவார். உயிரோடு கோழியைக் கடிப்பவர் உண்டு, எலும்பைக் கவ்வுபவர் உண்டு. அப்பா தோள் மேல் உட்கார்ந்து பிள்ளைகள் பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டே பார்க்கும். கதையும் லேசுப்பட்டதா? சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்மாவின் மண்டையோடு, போடுகிற பிச்சையை எல்லாம் அதுவே தின்கிறது. அம்மன் சுடுகாட்டில் சோற்றை இறைக்கிறாள். ருசி கண்ட மண்டையோடு கையை விட்டு இறங்கி வந்து தின்ன, அதை மிதித்து அடக்குகிறாள். செத்தும் பசி அடங்காத தலை! ஹாலிவுட் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே நம்மிடம் இருக்கிறது. யாரும் கண்டனக் கடிதம் போடவில்லை. அந்த ரத்தத்துக்குக் கதையில் கணக்கு இருக்கிறது. அம்மன் அடக்கிவிடுவாள் என்று தோளில் உட்கார்ந்த பிள்ளைக்கும் தெரியும்.

அடியாள் விஷயமும் அப்படித்தான். 2006-ல் விருத்தாசலத்துக்காரர்கள் விஜயகாந்தை எம்.எல்.ஏ. ஆக்கினார்கள். தே.மு.தி.க. ஜெயித்த ஒரே தொகுதி அதுதான். 2010-ல் அவர் இயக்கி நடித்த படத்துக்கும் 'விருதகிரி' என்று பேர் வைத்தார். அவர் சுவரில் கால் வைத்துச் சுழன்று உதைத்த உதையில் எத்தனை பேர் பறந்திருப்பார்கள்? அந்தப் பறந்தவர்கள்தான் நம் ஊர் ஜாம்பிகள். பேர் கிடையாது, பெண்டாட்டி கிடையாது, வசனம் கிடையாது. 'ஆ...' என்று வருவார்கள், விழுவார்கள். ஷக்தி சௌந்தர் ராஜன் 2016 பிப்ரவரியில் 'மிருதன்' எடுத்தபோது, தமிழின் முதல் ஜாம்பி படம் என்று விளம்பரம் செய்தார்கள். ஊட்டி டிராஃபிக் போலீஸ் ஜெயம் ரவி. கசிந்த ரசாயனத்தை ஒரு நாய் நக்க, நாய் கடிக்க, ஊரே வெறி பிடிக்கிறது. தண்ணீரைக் கண்டால் பயம். வெறிநாய்க்கடியை எடுத்து ஜாம்பியாக்கிய அந்த ஐடியா எனக்குப் பிடித்தது. வாய்க்காலும் நாயும் உள்ள ஊரில் நம்பும்படி இருந்தது. ஆனால், நடுப்படத்துக்கு மேல் ஜாம்பிகள் வரிசையாக வந்து வரிசையாக விழுந்தபோது, வேறு மேக்கப் போட்ட அதே ஸ்டன்ட் கோஷ்டி என்றுதான் தோன்றியது. பயம் வரவில்லை. பழக்கம் வந்தது.

இப்போது வேதாளத்துக்கு வருகிறேன்.

1947-ல் ஆரம்பித்த 'அம்புலிமாமா'வைச் சின்ன வயதில் படித்தவர்களுக்கு அந்தப் படம் கண்ணிலேயே நிற்கும். ஓவியர் சங்கர் போட்டது. 2020-ல் காலமானார். ஒரு கையில் வாள், தோளில் தொங்கும் பிணம், காட்டுவழியில் விக்ரமாதித்தன். அந்தப் பிணம் யார்? செத்த உடம்புக்குள் புகுந்து பேசுகிற ஆவி. அதாவது, ஜாம்பி! ஆனால், நம்ம ஜாம்பி கடிக்காது. கதை சொல்லும். சொல்லி முடித்து ஒரு கேள்வி கேட்கும். 'பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் உன் தலை சுக்குநூறாக வெடித்துச் சிதறும்' என்று மிரட்டும். எத்தனை மாசம், எத்தனை வருஷம் படித்திருப்போம்? ஒரு தடவையாவது தலை வெடித்ததா? வெடிக்கவில்லை. ராஜா பதில் சொல்வான், வேதாளம் முருங்கை மரத்துக்குப் போகும்.

அந்த மிரட்டலில்தான் நம் பயம் முழுக்க இருந்தது. ஒரு சொட்டு ரத்தம் வரையாமல், பத்து வயதுப் பையனைத் தன் தலையைத் தொட்டுப் பார்க்கவைத்தார்கள். 2016 அக்டோபரில் அந்த அமெரிக்க சீரியல் செய்தது நேர் எதிர். தலையை உடைத்துக் காட்டிவிட்டது. கேள்வி எதுவும் கேட்கவில்லை. 'இப்ப நீ என்ன செஞ்சிருப்பே?' என்று பார்ப்பவனைக் கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன். 'யார் செத்தான் சொல்லு பாப்போம்' என்று மட்டும்தான் கேட்டது. அது வேதாளத்தின் கேள்வி இல்லை. சூதாட்டக்காரனின் கேள்வி. வேதாளம் தொடரும் போட்டாலும், அந்த மாசக் கதையை அந்த மாசமே முடித்துக் கொடுத்துவிடும். பாக்கி வைக்காது.

நம்ம சீரியல்களை மட்டும் விட்டுவிட முடியுமா? இங்கே யாரும் மண்டையை உடைப்பதில்லை. வன்முறை வேறு மாதிரி. 2002-லிருந்து 2005 வரை 'மெட்டி ஒலி'யில் சரோவை அவள் மாமியாரும் புருஷன் மாணிக்கமும் படுத்திய பாட்டைத் தமிழ்நாடே பார்த்தது. 2022-ல் ஆரம்பித்த 'எதிர்நீச்ச'லில் ஆதி குணசேகரன் வீட்டுப் பெண்களைத் தினமும் அதட்டி மட்டம் தட்டினார். 2023 செப்டம்பர் 8-ல் அந்த வேஷத்தில் நடித்த மாரிமுத்து திடீரென்று காலமானபோது, ஜனங்கள் சொந்தக்காரர் போன மாதிரி கலங்கினார்கள். நல்ல நடிகர், கலங்க வேண்டியதுதான். எனக்கு உறுத்துவது வேறு. அந்த அதட்டலையே காமெடியாக எடுத்து, வீட்டுக்கு வீடு ஆண்கள் சொல்லிச் சிரித்தார்களே... அது. மட்டை அடியைப் பார்த்து யாரும் மட்டை வாங்கவில்லை. இந்த அதட்டலைப் பார்த்துப் பல வீடுகளில் ஒத்திகையே நடந்தது. ரத்தம் வராததால் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. குழந்தைகள் பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தன. நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அந்தக் கதை பெண்கள் பக்கம்தான் நின்றது. ஆனால், ஞாபகத்தில் நின்றது அதட்டல்!

அப்புறம் ஒரு விசேஷம். நம்ம சீரியலில் நடிகர் போனாலும் பாத்திரம் போகாது. 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு கார்டு. மாரிமுத்து இடத்தில் வேல ராமமூர்த்தி வந்தார். 2024 ஜூனில் சீரியல் முடிந்தது. அதே டிசம்பரில் இரண்டாம் பாகமாக எழுந்து நடந்து வந்தது. செத்தவர்கள் எழுந்து வருவதைப் பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டுமா என்ன?

அவர்களும் குறைந்தவர்கள் இல்லை. 2022-ல் முடித்த 'வாக்கிங் டெட்'டுக்கு வால் முளைத்துக்கொண்டே இருந்தது. 2023-ல் 'டெட் சிட்டி' என்று ஒன்று. அதில் ஜோடி சேர்ந்து நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்குப் போகிறவர்கள் யார் தெரியுமா? க்ளெனின் மனைவி மேகி. கூடவே, க்ளென் தலையை உடைத்த நீகன்! கடத்தப்பட்ட மகனை மீட்க அவளுக்கு அவன் உதவி தேவைப்படுகிறது. அந்த மகன், அப்பா சாகும்போது வயிற்றில் இருந்தானே, அவன்தான். ஒரு கொலை, கிட்டத்தட்ட ஏழு வருஷம் கழித்து அடுத்த கடைக்கு முதல் போட்டிருக்கிறது. ஆனால், இந்த இடத்தில் எனக்கு நிஜமாகவே ஆர்வம் வந்தது. புருஷனைக் கொன்றவனோடு ஒருத்தி ஒரே அறையில் உட்கார்ந்து என்ன பேசுவாள்? 2016-ல் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பட்டறையில் அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். அச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஈரம் காயாத ஒரு தவழும் கிருஷ்ணர். ஈரம் முழுக்கப் போகாமல் சூளைக்குப் போனால் வெடித்துவிடும் என்று சொல்லி, அலுங்காமல் பலகையில் வைத்தார்.

"அவன்கூடவா போறா?" என்றார்.

"ஆமா. பையனுக்காக."

கொஞ்ச நேரம் யோசித்தார். "எத்தினி எபிசோடு சார்?" என்றார்.

"முதல் சீசன் ஆறுதான்."

"ஆறுன்னா பாக்கலாம்" என்றபடி அடுத்த அச்சை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.